அக்கேசியா மரமும் தோல் கிருமியும்



இன்று நாம் இரண்டு உயிர்களை அருகருகே நிறுத்திப் பார்க்கப் போகிறோம். ஒன்று, சாலையோரத்திலும் பாழ்பட்ட நிலத்திலும் ஓங்கி நிற்கும் அக்கேசியா மரம். மற்றொன்று, நம் தோலின்மேல் வாழும் ஒரு பாக்டீரியா. "மரமெங்கே, கிருமியெங்கே? இரண்டையும் எப்படி ஒப்பிடுவது?" என்று நீங்கள் கேட்கலாம். ஒப்பிடலாம், அதனால் பயனும் உண்டு. பால் வெட்டும் கத்தி விரலைக் கீறிவிட்டால் உடனே என்ன செய்ய வேண்டும்? செம்பனை முள் குத்திய இடம் ஏன் சீழ் பிடிக்கிறது? கிளினிக்கில் கொடுத்த மாத்திரையை ஏன் பாதியில் நிறுத்தக் கூடாது? இந்த மூன்று கேள்விகளுக்கும் இந்த ஒப்பீட்டிலேயே விடை இருக்கிறது.

முதலில் மரத்தை அறிமுகம் செய்துகொள்வோம். அக்கேசியா இனத்தின் தாயகங்களுள் முதன்மையானது ஆஸ்திரேலியா. அங்கு இந்த மரங்களை 'வாட்டல்' என்பார்கள். மெல்லிய கழிகளைப் பின்னித் தட்டியாக்கி, அதன்மேல் மண் பூசிச் சுவர் எழுப்பும் முறைக்கு ஆங்கிலத்தில் அந்தப் பெயர். ஆஸ்திரேலியாவில் முதலில் குடியேறிய ஆங்கிலேயர்கள் இந்த மரக்கிளைகளால் அப்படிச் சுவர் வைத்துக் குடிசை கட்டியதால், மரத்துக்கும் அதுவே பெயராயிற்று. 1988ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியா தன் தேசிய மலராக அறிவித்ததும் ஒரு வாட்டல் மரத்தின் மஞ்சள் பூவைத்தான்.

நம் நாட்டில் மிகுதியாகக் காணப்படும் வகைகளுள் ஒன்று 'அக்கேசியா மாஞ்சியம்'. வட குவீன்ஸ்லாந்து, நியூகினி, கிழக்கு இந்தோனேசியத் தீவுகள் ஆகியவை அதன் பிறப்பிடம். 1966ஆம் ஆண்டில் அதன் விதை ஆஸ்திரேலியாவிலிருந்து சபாவுக்கு வந்தது. காட்டுத்தீ பரவாமல் தடுக்கும் அரணாக முதலில் அதை நட்டார்கள். சத்தில்லாத மண்ணிலும் அது விரைந்து வளர்வதைக் கண்ட பிறகு, மரத்துக்காகவும் காகிதக் கூழுக்காகவும் பெருமளவில் பயிரிட்டார்கள். நல்ல இடத்தில் 30 மீட்டர் உயரம்வரை எட்டும். அவரைக் குடும்பத்தைச் சேர்ந்தது. நாம் உண்ணும் பெத்தாயும், திடலில் காலில் படும் தொட்டாற்சுருங்கியும் இதன் உறவினர்கள். தமிழகத்தில் நம் முன்னோர் குச்சி ஒடித்துப் பல் துலக்கிய கருவேல மரம் இன்னும் நெருங்கிய உறவு. ஒரு காலத்தில் தாவரவியல் அறிஞர்கள் இரண்டையும் ஒரே இனத்தில் சேர்த்திருந்தார்கள்.

இனிக் கிருமியைப் பார்ப்போம். 1880ஆம் ஆண்டையொட்டி ஸ்காட்லாந்தைச் சேர்ந்த அலெக்சாண்டர் ஆக்ஸ்டன் என்ற அறுவை மருத்துவர், கட்டிகளிலிருந்து எடுத்த சீழை நுண்ணோக்கியில் வைத்து ஆராய்ந்தார். சின்னஞ்சிறு உருண்டைகள் திராட்சைக் குலைபோல் கொத்துக் கொத்தாகத் தெரிந்தன. 1882இல் அவற்றுக்கு 'ஸ்டெஃபிலோகாக்கஸ்' என்று பெயர் வைத்தார். கிரேக்க மொழியில் திராட்சைக் குலையைக் குறிக்கும் சொல் அந்தப் பெயரில் இருக்கிறது. நாம் எளிமைக்காகத் திராட்சைக் கிருமி என்போம்.

இந்தக் குடும்பத்தில் பல உறுப்பினர்கள் உண்டு. இருவரை மட்டும் தெரிந்துகொண்டால் போதும். ஒன்று வெண்ணிறக் கிருமி. மனிதராய்ப் பிறந்த எல்லாருடைய தோலிலும் இது வாழ்கிறது என்றே சொல்லலாம். பங்களாவில் இருப்பவர் தோலிலும் உண்டு. லயத்து வீட்டில் இருப்பவர் தோலிலும் உண்டு. நாள்தோறும் குளிப்பவரிடமும் உண்டு. மற்றொன்று பொன்னிறக் கிருமி. பத்துப் பேரில் ஏறக்குறைய மூன்று பேர் இதை மூக்கினுள் சுமந்துகொண்டு, எந்த நோயும் இல்லாமல் நடமாடுகிறார்கள். கட்டிகளுக்கும் சீழ்ப்புண்களுக்கும் பெரும்பாலும் இதுவே காரணம். ஆகவே, பிள்ளைக்குக் கட்டி வந்தால் "அந்த வீடு சுத்தமில்லாத வீடு" என்று யாரையும் குறை சொல்ல வேண்டியதில்லை. கிருமி எல்லா வீட்டிலும் இருக்கிறது. அது உள்ளே புகுவதற்கு ஒரு வழி கிடைத்துவிட்டது, அவ்வளவுதான்.

இப்போது அளவை ஒப்பிடுவோம். ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறுகளாக்கினால் அதில் ஒரு கூறுதான் இந்தக் கிருமியின் அகலம். ஆயிரம் கிருமிகளை வரிசையாக நிறுத்தினால் ஒரு மில்லிமீட்டர் ஆகும். இதை மனக்கண்ணில் காண ஒரு வழி சொல்கிறோம். ஒரு கிருமியை ஒரு சென்டிமீட்டர் அகலமுள்ள கொண்டைக்கடலையாக ஊதிப் பெருக்கிவிட்டோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே விகிதத்தில் அக்கேசியா மரத்தையும் பெருக்கினால் அதன் உயரம் 300 கிலோமீட்டர். கோலாலம்பூரிலிருந்து பினாங்குக்கு நேர்கோட்டில் ஏறக்குறைய அவ்வளவு தூரம்!

இவ்வளவு வேறுபாடு இருந்தும், இரண்டுக்கும் அடிப்படை ஒன்றே. மரமும் உயிரணுக்களால் ஆனது. கிருமியும் உயிரணுவால் ஆனது. இரண்டிலும் உயிரணுவைச் சுற்றி மெல்லிய சவ்வு இருக்கிறது. உள்ளே பெரும்பகுதி தண்ணீர். இரண்டிலும் டி.என்.ஏ. என்னும் பொருளில்தான் பரம்பரைச் செய்தி எழுதப்பட்டிருக்கிறது. அந்த எழுத்துகள் நான்கே நான்கு. மரத்திலும் அவைதாம், கிருமியிலும் அவைதாம், நம் உடம்பிலும் அவைதாம். தமிழ் நெடுங்கணக்கு தெரிந்தவர் ஓலைச்சுவடியும் படிக்கலாம், நாளிதழும் படிக்கலாம் அல்லவா? அதுபோல ஓர் உயிரின் செய்தியை இன்னோர் உயிரின் உயிரணு படித்துச் செயல்படுத்த முடிகிறது. எல்லா உயிர்களும் ஒரே பழங்குடியிலிருந்து கிளைத்தவை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

வேறுபாடுகள் எவை? முதலாவது, மரம் எண்ணற்ற உயிரணுக்களின் கூட்டுக் குடும்பம். வேரிலுள்ள உயிரணு நீர் உறிஞ்சுகிறது. இலையிலுள்ளது உணவு சமைக்கிறது. பட்டையிலுள்ளது காவல் காக்கிறது. கிருமியோ தனிக்கட்டை. அந்த ஒரே உயிரணுதான் உண்கிறது, கழிக்கிறது, பெருகுகிறது.

இரண்டாவது, மரத்தின் உயிரணுவில் டி.என்.ஏ.யைப் பத்திரமாக வைக்க உட்கரு என்னும் தனி அறை உண்டு. மாஞ்சியம் மரத்தின் உட்கருவில் 26 குரோமோசோம்கள் இருக்கின்றன. கிருமிக்கு அறை கிடையாது. ஒரே வளையமாக அதன் டி.என்.ஏ. உயிரணுவுக்குள் கிடக்கிறது. ஒற்றை அறை வீட்டில் சமையலும் படுக்கையும் ஒன்றாக நடப்பதுபோல எல்லா வேலையும் அங்கேயே நடக்கிறது.

மூன்றாவது, உணவு. மரம் காற்றிலுள்ள கரியமில வாயுவையும் மண்ணிலுள்ள நீரையும் எடுத்து, சூரிய ஒளியால் தனக்கு வேண்டிய உணவைத் தானே ஆக்கிக்கொள்கிறது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. வளர்ந்த மாஞ்சியம் மரத்தில் நாம் இலை என்று நினைப்பது இலையே அன்று; தட்டையாக விரிந்த இலைக்காம்பு. விதை முளைத்த புதிதில் மட்டும் புளிய இலைபோல் சிறுசிறு இலைகள் தோன்றும். நாளடைவில் அவை நின்றுபோய்க் காம்பே இலையின் வேலையைச் செய்யத் தொடங்கும். நாற்றொன்றைக் கண்டால் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். கிருமியோ சமைக்கத் தெரியாதது. நம் வியர்வையிலும் தோலின் எண்ணெய்ப் பசையிலும் கிடைப்பதை உண்டு பிழைக்கிறது.

நான்காவது, பெருக்கம். மாஞ்சியம் மரம் பூத்துக் காய்க்க ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் வேண்டும். கிருமிக்கு அவ்வளவு பொறுமை இல்லை. உணவும் ஈரமும் வெதுவெதுப்பும் கிடைத்தால் அரை மணி நேரத்தில் ஒன்று இரண்டாகப் பிளந்துவிடும். காலை 6 மணிக்கு ஒரே ஒரு கிருமி இருந்து, தடையின்றி அரை மணிக்கு ஒரு முறை இரட்டித்துக்கொண்டே போனால், மாலை 4 மணிக்கு அதன் எண்ணிக்கை 1,048,576. பத்து இலட்சத்துக்கும் மேல்! பிள்ளைகள் ஒன்று, இரண்டு, நான்கு, எட்டு என்று இருபது முறை இரட்டித்துப் பார்க்கட்டும். நம் உடம்பு சும்மா இருப்பதில்லை. இரத்தத்திலுள்ள வெள்ளை அணுக்கள் கிருமிகளை விழுங்குகின்றன. ஆனாலும் முதல் கேள்விக்கு விடை இந்தக் கணக்கில் இருக்கிறது. காயத்தை மாலையில் வீடு திரும்பிக் கழுவலாம் என்று இருக்கக் கூடாது. வெட்டுப் பட்ட அந்த நிமிடமே, நிரையிலேயே, சுத்தமான நீரால் கழுவ வேண்டும்.

ஐந்தாவது, கொதிநீர். மாஞ்சியம் விதையின் தோல் மிகக் கடினமானது. அதை முளைக்க வைப்பவர்கள் கொதிநீரில் அரை நிமிடம் இட்டு எடுத்து, குளிர்ந்த நீரில் ஓரிரவு ஊறவைப்பார்கள். அந்தச் சூட்டில்தான் விதை விழித்துக்கொள்கிறது! திராட்சைக் கிருமியைக் கொதிநீரில் இட்டால் கணப்பொழுதில் செத்துவிடும். விதைக்கு உயிர்ப்பளிக்கும் அதே கொதிநீர் கிருமிக்கு எமன். காயத்தில் கட்டும் துணியைக் கொதிக்கவைத்து வெயிலில் உலர்த்த வேண்டும் என்று சொல்வது இதனால்தான்.

இங்கே தாய்மார்களுக்கு ஓர் எச்சரிக்கை. பொன்னிறக் கிருமி சோற்றிலோ கறியிலோ விழுந்து சில மணி நேரம் பெருகினால் ஒரு நஞ்சைக் கக்கும். உணவை மீண்டும் கொதிக்கவைத்தால் கிருமி சாகும், நஞ்சு சாகாது. வயிற்றைப் புரட்டி வாந்தி எடுக்க வைப்பது அந்த நஞ்சே. எனவே கையில் கட்டியோ சீழ்ப்புண்ணோ உள்ளவர் அது ஆறும்வரை சமைப்பதையும் பரிமாறுவதையும் மற்றவரிடம் விட்டுவிட வேண்டும். திருமணம், திருவிழா என்று பலருக்குச் சமைக்கும் நாளில் இது மிக முக்கியம்.

அப்படியானால் மரம் நல்லது, பாக்டீரியா கெட்டது என்று தீர்ப்புச் சொல்லிவிடலாமா? அவசரப்பட வேண்டாம். அக்கேசியாவின் வேரைத் தோண்டிப் பார்த்தால் சிறுசிறு முடிச்சுகள் தெரியும். அவற்றுக்குள் குடியிருப்பவை பாக்டீரியாக்களே. அவை காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்து மரத்துக்கு உரமாக்கித் தருகின்றன. மரம் அவற்றுக்குச் சர்க்கரை தருகிறது. சத்தில்லாத மண்ணிலும் அக்கேசியா செழிப்பதன் இரகசியம் இதுதான். இளம் ரப்பர் கன்றுகளுக்கும் செம்பனைக் கன்றுகளுக்கும் இடையே தோட்டங்களில் அவரையினக் கொடிகளைப் படரவிடுகிறார்களே, அதற்கும் இது ஒரு காரணம். அந்தக் கொடியின் வேரிலும் இதே முடிச்சுகள் உண்டு. கொடியொன்றைப் பிடுங்கி நீங்களே பார்க்கலாம்.

அதைவிட வியப்பான செய்தி ஒன்று உண்டு. இலைக்குப் பச்சை நிறம் தரும் பசுங்கணிகங்கள், மிகமிகப் பழங்காலத்தில் தனித்து வாழ்ந்த பாக்டீரியாக்களின் வழித்தோன்றல்கள். தாவர முன்னோரின் உயிரணுவுக்குள் புகுந்த அவை அங்கேயே நிலைத்துவிட்டன. 1967இல் லின் மார்குலிஸ் என்ற அமெரிக்கப் பெண் அறிவியலார் இக்கருத்தை விரிவாக எழுதியபோது பலர் ஏற்கவில்லை. பின்னாளில் பசுங்கணிகத்தின் டி.என்.ஏ.யை ஆராய்ந்தவர்கள், அது பாக்டீரியாவின் டி.என்.ஏ.யை ஒத்திருப்பதைக் கண்டார்கள். ஆக, மரத்துக்குச் சோறு சமைப்பதே பழைய பாக்டீரியாவின் வழிவந்த ஒன்றுதான்!

நம் தோலிலுள்ள வெண்ணிறக் கிருமியும் வீண் குடியன்று. அது இடத்தைப் பிடித்துக்கொண்டிருப்பதால் தீய கிருமிகள் எளிதில் குடியேற முடிவதில்லை. ஆனால் தோல் என்னும் வேலி அறுந்து, கிருமி உள்ளே இறங்கினால் கதை மாறிவிடும். செம்பனை முள் குத்தும்போது தோலின் மேலிருந்த கிருமியைத் தசைக்குள் ஆழமாகக் கொண்டுபோய் விடுகிறது. அங்கே அதனுடன் வெள்ளை அணுக்கள் போரிடுகின்றன. அந்தப் போரில் மடிந்த அணுக்களும் கிருமிகளும் சேர்ந்ததே சீழ். நம் இரண்டாவது கேள்விக்கு இது விடை. மரத்துக்கும் இந்த நியதி பொருந்தும். நட்ட இடத்தில் பயன் தரும் அக்கேசியா, போர்னியோவின் வெண்மணல் காடுகளுக்குள் விதை பரப்பிப் புகுந்தால் அங்குள்ள மரங்களை நெருக்குகிறது. உயிர்களில் நல்லது கெட்டது என்பது பெரும்பாலும் இடத்தைப் பொறுத்தது.

இனி மூன்றாவது கேள்வி, மாத்திரை. ஆறாவது வேறுபாட்டில் அதற்கு விடை இருக்கிறது. மரத்தின் உயிரணுவுக்கும் சுவர் உண்டு. கிருமிக்கும் சுவர் உண்டு. மரத்தின் சுவர் செல்லுலோஸ் என்னும் நார்ப்பொருளால் ஆனது, காகிதமாவது அதுவே. கிருமியின் சுவர் வேறு சரக்கு. சர்க்கரைச் சரங்களைச் சிறு புரதக் கண்ணிகளால் பின்னிய வலை அது. நம் உடம்பின் உயிரணுக்களுக்கோ சுவரே கிடையாது.

1928ஆம் ஆண்டில் இலண்டனில் அலெக்சாண்டர் பிளெமிங் என்ற மருத்துவர், திராட்சைக் கிருமியை வளர்த்திருந்த தட்டு ஒன்றில் பூஞ்சணம் பூத்திருப்பதையும், அதைச் சுற்றியிருந்த கிருமிகள் அழிந்து கிடப்பதையும் கண்டார். அந்தப் பூஞ்சணம் தந்த மருந்துதான் பென்சிலின். அது என்ன செய்கிறது? கொத்தனார் செங்கல் அடுக்கும்போது சிமெண்டு பூசும் கையை ஒருவர் பிடித்துக்கொண்டால் சுவர் நிற்குமா? வளரும் கிருமி தன் சுவரைப் பின்ன முடியாதபடி பென்சிலின் தடுக்கிறது; கிருமி வெடித்துச் சாகிறது. சுவரே இல்லாத நம் உயிரணுக்களை அது அவ்வாறு தாக்குவதில்லை. கிருமியைக் கொன்று நம்மை விட்டுவைக்கும் அந்த வல்லமை, உயிர்களின் கட்டமைப்பில் உள்ள இந்த ஒரு வேறுபாட்டிலிருந்து வந்தது.

ஆனால் கிருமி அரை மணிக்கு ஒரு தலைமுறை காண்பது என்பதை மறக்கக் கூடாது. இலட்சக்கணக்கில் பெருகும்போது, மருந்தைத் தாங்கக்கூடிய ஒன்று எப்படியோ தோன்றிவிடும். மற்றவை மருந்தால் மடிய, அந்த ஒன்று பிழைத்துத் தன்னைப் போன்றவற்றைப் பெருக்கும். பென்சிலினைச் சிதைக்கும் பொன்னிறக் கிருமிகள் 1940களிலேயே மருத்துவமனைகளில் பரவின. 1959இல் மெத்திசிலின் என்னும் புதிய மருந்து வந்தது. 1961இல் அதையும் எதிர்க்கும் கிருமி பிரிட்டனில் காணப்பட்டது. குறைந்த அளவில் மருந்து உட்கொண்டால் கிருமி பழகிக்கொள்ளும் என்று 1945இல் நோபல் பரிசு உரையிலேயே பிளெமிங் எச்சரித்தார்.

மாத்திரையை நம் விருப்பம்போல் நிறுத்தக் கூடாது என்பது இதனால்தான். இரண்டு நாளில் வலி குறைந்ததும் மீதியை டப்பாவில் போட்டு வைப்பதும், அடுத்த வீட்டுப் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றதும் அதிலிருந்து இரண்டை எடுத்துக் கொடுப்பதும் நல்ல மனத்தோடு செய்யும் தீங்கு. மருத்துவர் சொன்ன அளவில், சொன்ன நாள் முழுதும் சாப்பிடுங்கள். ஒத்துக்கொள்ளவில்லையென்றால் நீங்களாக நிறுத்தாமல் கிளினிக்கில் போய்ச் சொல்லுங்கள். சாதாரணச் சளிக்கு இந்த மருந்துகள் பயன்படா. அதற்குக் காரணம் பாக்டீரியா அன்று.

வீட்டில் செய்ய வேண்டியவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறோம். காயத்தைச் சுத்தமான நீராலும், சுற்றியுள்ள தோலைச் சோப்பாலும் கழுவுங்கள். காப்பித்தூளோ சாம்பலோ அப்ப வேண்டாம். தூய துணியால் மூடுங்கள். கட்டியைப் பிதுக்காதீர்கள், பிதுக்கினால் கிருமி இன்னும் ஆழத்துக்குப் போகும். துவாலையையும் சவரக் கத்தியையும் ஒருவருக்கொருவர் மாற்றிக்கொள்ளாதீர்கள். காயத்தைச் சுற்றிச் சிவப்புப் பரவினாலோ, காய்ச்சல் கண்டாலோ, முகத்தில் கட்டி வந்தாலோ தாமதிக்காமல் கிளினிக்குக்குச் செல்லுங்கள். இனிப்பு நீர் உள்ளவர்கள் காலில் சிறு கீறல் பட்டாலும் காட்டிவிடுவது நல்லது. முள்ளும் மண்ணும் பட்ட காயமென்றால் ஜன்னி ஊசி வேண்டுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். அது வேறொரு பாக்டீரியாவால் வரும் நோய்.

நேயர்களே, 30 மீட்டர் மரமும் கண்ணுக்குத் தெரியாத கிருமியும் ஒரே நான்கு எழுத்துகளால் எழுதப்பட்ட உயிர்கள். அந்த ஒற்றுமையை அறிந்தால் கிருமியைப் பற்றிய வீண் அச்சம் குறையும். வேறுபாட்டை அறிந்தால் அதை எங்கே, எப்படித் தடுக்கலாம் என்பது விளங்கும். மாத்திரை உறையில் நாளும் வேளையும் எழுதியிருப்பதை வீட்டில் படிக்கத் தெரிந்த பிள்ளை ஒன்று பெரியவர்களுக்குப் படித்துக் காட்டட்டும். அந்தப் பிள்ளையின் படிப்புக்கு அதைவிட நல்ல பயன் வேறில்லை.